மூன்றாவது விசில்

முதல் பாடவேளை தொடங்கி முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. குக்கர் இரண்டு விசில் விட்டிருந்தது. மூன்றாவது விசிலில்தான் பாடவேளை முடியும். வான்மதியின் வீட்டுப் பள்ளிக்கூடத்தில் அதுதான் மணி. அந்தச் சட்டத்தைப் போட்டவள் அவளேதான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் யாரும் மேசையை விட்டுப் போகக் கூடாது. அதையும் அவள்தான் போட்டாள்.

நேற்றுக் காலை, இரண்டாவது விசில் அடங்கியதும் அவளுடைய பத்து வயது மகள் தாரிகா கை தூக்கினாள்.

"என்னை எதுக்கும்மா ஸ்கூல்ல இருந்து நிறுத்துனே?"

"அடுத்த கேள்வி," என்றாள் வான்மதி.

அதிலிருந்து குக்கர் உஸ்ஸென்று இழுத்துக்கொண்டே இருக்கிறது. பருப்பு வெந்துகொண்டே இருக்கிறது. இடையில் ஓர் இரவு வந்து போனது. பாடவேளைக்கு நடுவில் வந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கேள்வியைத் தள்ளிப்போட வான்மதி புவியீர்ப்பு எடுத்தாள். ஒரு கரண்டியை உயரத்திலிருந்து விட்டாள். கரண்டி விழத் தொடங்கியது. இப்போது அது நாற்காலியின் உயரத்துக்கு வந்திருந்தது. வான்மதி இயற்பியலில் முதுகலை. கணக்குப்படி கரண்டி எப்போதோ விழுந்திருக்க வேண்டும். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் கணவன் பூபதி பைக் சாவியை எடுக்க மேசைக்கு வந்தவன். மேசையைத் தொட்டதும் வருகைப் பதிவில் அவன் பேர் ஏறிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் தாரிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர், பாத்ரூம் போலாங்களா?"

"போயிட்டு வாங்க."

வலப்பக்கம் போனான். இடப்பக்கமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"போனீங்களா?"

"போனேன். பாத்ரூம் வர்ல."

மாடிப்படிக்கு எதிரே குடியிருக்கும் மரகதம் அக்கா உறை மோர் கேட்டு டம்ளரோடு வந்தவள். பாக்டீரியா பாடத்துக்கு அந்த டம்ளர் தேவைப்பட்டது. அக்கா ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். விடிவதற்குள் எட்டாவது தேறி, இப்போது பத்தாவதில் இருந்தாள். டம்ளரில் உறை ஊற்றிய பால் தயிராகி நாலு தடவை புளித்துவிட்டது.

"அப்பவே கணக்குல கோட்டை விட்டவ நானு," என்றாள் அக்கா. "இப்பப் பாரு, எப்படிப் போறேன்னு."

"உங்களுக்கு அடுப்புல வேலை இல்லீங்களாக்கா?" என்றான் பூபதி.

"பப்ளிக் எக்ஸாம் வருது தம்பி. பேச்சுக் குடுக்காதீங்க."

கீழே தெருவில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. தாரிகா பள்ளியிலிருந்து நின்று இரண்டு மாதம் ஆகிறது. இருந்தும் நேற்றுக் காலையிலிருந்து அது அங்கேயே நிற்கிறது. வான்மதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்த பையன்களில் ஒருவனுக்கு மீசை முளைத்திருந்தது. ஒருத்தியின் சட்டைக் கை முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது.

"அடுத்த ஹாரனுக்குக் கெளம்பிருவேனுங்க," என்று டிரைவர் அண்ணாந்து கத்தினார். "அப்புறம் இந்தப் பக்கம் வேன் வராதுங்க."

மேசைக்கு அடியில் தாரிகா ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்ததை வான்மதி பார்த்தாள். பார்க்காததுபோல் இருந்தாள்.

அடுப்பை அணைத்துவிடலாம் என்று எழுந்தாள். மேசைக்கும் சமையலறைக்கும் ஆறு எட்டு வைக்கும் தூரம்தான் இருந்தது. இப்போது நடுவில் ஒரு நடை நீண்டு கிடந்தது. அதன் கோடியில் குக்கர் ஒரு மூக்குத்தி அளவுக்குத் தெரிந்தது.

"பதில் சொல்லிட்டுப் போம்மா," என்றாள் தாரிகா.

"பை கனம். உனக்குக் கழுத்து வலிச்சுது."

நடையில் புதிதாக ஒரு டியூப் லைட் எரிந்தது. நடை அந்த அளவுக்கு நீண்டிருந்தது.

"எனக்குக் கழுத்து வலிக்கவே இல்லியே."

"எங்கிட்ட அப்படிச் சொல்லல," என்றான் பூபதி. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல வந்தது. "மனப்பாடம் பண்ண வெச்சே புள்ளையக் கெடுக்கறாங்கன்னு சொன்னே."

"அதுவுந்தாங்க."

இன்னொரு டியூப் லைட்.

"எங்கிட்ட வேன் டிரைவர் வேகமா ஓட்டறாருன்னு சொன்ன," என்றாள் மரகதம் அக்கா.

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வேன் அசையாமல் நின்றது.

மூன்றாவது டியூப் லைட் எரிந்தது. குக்கர் இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. வால்வு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று வான்மதிக்குத் தெரியும். அது இப்போது தாங்கிக்கொண்டிருப்பது அதைவிட அதிகம். அவள் உட்கார்ந்தாள்.

மரகதம் அக்கா கை தூக்கினாள்.

"கேளுங்கக்கா."

"கேள்வியில்ல. ஒரு உதாரணம். பாடத்துக்குத்தான்." அக்கா டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தப்ப நீ என்ற வீட்டுக்கு உறை மோர் கேட்டு வருவ. ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒரு வீட்டுக்கு அத்தனை தயிரு எதுக்குன்னு நானும் கேக்கல. குடுத்துட்டு உக்காரச் சொல்லுவேன். நாலு மணி வேன் சத்தம் கேட்டாத்தான் எந்திரிப்ப."

பூபதி முப்பத்தொரு மணி நேரத்தில் முதன்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே, வானு."

"நீங்க கேக்கலீங்க."

இதற்கு டியூப் லைட் எதுவும் எரியவில்லை. வான்மதி அதைக் கவனித்தாள். நடையில் கடைசி விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது.

கரண்டி தரைக்கு ஒரு சாண் மேலே வந்திருந்தது.

தாரிகா மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு சாக்ஸை எடுத்தாள். அதைப் போட்டுக்கொள்ளவில்லை. மேசைமேல் வைத்து நீவினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல அதே கேள்வியைக் கேட்டாள்.

"என்னை எதுக்கும்மா நிறுத்துனே?"

கீழே டிரைவர் வேனில் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. குக்கரின் இரைச்சல் சட்டென்று நின்றது. கரண்டி தரைக்கு ஒரு விரல் மேலே நின்றது. மரகதம் அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

வான்மதி சாக்ஸை எடுத்தாள். குனிந்து மகளின் வெறுங்காலில் மாட்டிவிட்டாள். குதிகால் சரியாக உட்காரும்வரை இழுத்துவிட்டாள். பிறகு அந்தக் காலைப் பிடித்தபடியே சொன்னாள்.

"நீ போனதுக்கப்புறம் இந்த வீட்டுல தனியா இருக்க எனக்குப் பயமா இருந்துச்சு, கண்ணு."