நாத்தனார் கையில் ஒரு பிரதி

1.

இந்தக் கதை ஓர் எச்சரிக்கை வரியிலிருந்து வந்தது. என் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் முன், "பேக்கப் எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டது. எடுக்காமலே "ஆம்" என்று அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததை வைத்து என்ன கதை எழுதுவது? ஏதாவது ஆகிப்போன ஒருத்தியைத் தேடினேன்.

ரத்த வங்கியின் குளிர்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலறத் தொடங்கியபோது அவள்

(நிறுத்திவிட்டேன். முதலில் ஆட்களைச் சொல்ல வேண்டும்.)

2.

அவள் பொறியாளர். அந்தக் குளிர்பெட்டிகளை இயக்கும் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கணவனின் தங்கையோடு சேர்ந்து, ஒரே சோபாவில் உட்கார்ந்து எழுதியவள். பிறகு, கம்பெனிப் பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் என்பதில் முட்டிக்கொண்டது. நாத்தனார் விலகினாள். போகும்போது இருவரும் எழுதிய சோர்ஸ் கோடு முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் அள்ளிக்கொண்டு போனாள் என்று, சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் இவள் அவளைத் "திருடி" என்றாள். "நான் எதையும் எடுக்கல" என்று அவள் சத்தியம் செய்தாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

(உண்மையில் எடுத்தாளா? ஒரு வரைவில் எடுக்கவில்லை. அந்த வரைவு எங்கும் நகரவில்லை. எடுத்தாள்.)

3.

இன்று காலை இவள் புதுப் பதிப்பைப் பழையதன் மேலேயே எழுதினாள். பேக்கப்தான் தினமும் ஓடுகிறதே என்ற தைரியம். அப்கிரேட் போனதும் ரத்த வங்கியில் திரைகள் அணைந்தன, கம்ப்ரசர்கள் நின்றன. பழைய பதிப்பை ஏற்றினால் சரியாகிவிடும். பேக்கப்பைத் திறந்தாள். உள்ளே, கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு ஷார்ட்கட் மட்டும் இருந்தது. எப்போதோ கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றியபோது பழைய இடத்தில் விட்டுவந்தது. அது காட்டிய இடத்தில் காலையில் மேலே எழுதிய புதுப் பதிப்புதான் இருந்தது. வீட்டைப் பத்திரப்படுத்துவதாக நம்பிக்கொண்டு, இத்தனை காலமும் அதன் விலாசத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

ரத்த வங்கி மருத்துவர் அழைத்தார். "ஐஸ் பெட்டிக்கு மாத்திட்டிருக்கோம்மா. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல எல்லாத்தையும் கொட்ட வேண்டியதுதான்."

4.

தங்கையிடம் பேசச் சொல்லிக் கணவனைக் கேட்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டி நான் பட்டது போதும்" என்று நழுவினான். அவளே அழைத்தாள்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் நாத்தனார்.

("அண்ணி" என்று எழுதிப் பார்த்தேன். வாய் வரவில்லை அவளுக்கு.)

விஷயம் முழுவதையும் நாத்தனார் கேட்டுக்கொண்டாள்.

"இருக்குன்னு சொன்னா, அன்னைக்கு நீங்க வச்ச பேரு எனக்கு நிலைச்சிடும். இல்லைன்னா அங்க ரத்தம் வீணாப் போயிடும். நான் என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிக்குடுங்க."

5.

முடிவு அ: இவள் விம்முகிறாள். (வேண்டாம். இவள் அந்த ரகமில்லை.)

முடிவு ஆ: "நீ எடுக்கல, நான்தான் உன்கிட்ட குடுத்து வச்சேன்" என்கிறாள். (நன்றாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

நடந்தது இவ்வளவுதான்: மதியமே கோடு வந்துசேர்ந்தது. பெட்டிகள் ஓடின. ஒரு பை ரத்தம்கூட வீணாகவில்லை. "அப்படி என்னதான் சொன்ன அவகிட்ட?" என்று கணவன் கேட்டான். "உங்களுக்கு எதுக்கு அது?" என்றாள்.

எனக்கும் சொல்லவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். "மன்னிச்சிடு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் எழுதிப் பார்த்தேன். நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.