பரந்தாமன் மெட்ராஸில் செய்கிற வேலை

சட்டைப் பையில் கிடைத்த ஒரு துண்டு கேக்கை வைத்துத்தான், தன் புருஷனுக்கு மெட்ராஸில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று பத்மா முடிவு கட்டினாள். போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் துணி துவைக்கும்போது கிடைத்தது அது. மெழுகுத்தாளில் பத்திரமாகச் சுற்றிய கேக், திராட்சையும் முந்திரியுமாக, பார்த்தாலே வீட்டில் செய்தது என்று தெரிந்தது. திருத்தணி பஜாரில் லுங்கிக் கடை வைத்திருப்பவனுக்கு, அதுவும் கொள்முதல் என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் போனவனுக்கு, எவள் கேக் சுட்டுக் கொடுத்தாள்? கேட்டதற்கு, "கடைவீதில ஒருத்தரு குடுத்தாரு" என்றான் பரந்தாமன். அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான், படுபாவி.

அதற்குப் பிறகு பத்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனசுக்குள் ஒரு சட்டைக்காரியை வளர்த்தாள். கவுன் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் பேசுகிற ஆங்கிலோ இந்தியப் பெண்களை அப்போதெல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். பத்மா வளர்த்த சட்டைக்காரிக்குக் கழுத்தோடு வெட்டிய முடி, உதட்டுச் சாயம், குதிகால் உயர்ந்த செருப்பு எல்லாம் இருந்தன. இந்த வருஷம் டிசம்பர் பிறந்ததுமே, "கிறிஸ்துமஸ் அன்னிக்கு மெட்ராஸ் போய்ட்டு வரேன்" என்று பரந்தாமன் ஆரம்பிக்க, அவள் பொதட்டூர்பேட்டைக்கு ஆள் அனுப்பி அண்ணன் சடகோபனை வரவழைத்துவிட்டாள்.

"நீயும் கூடவே போண்ணா. அவளைக் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. துணிமணியெல்லாம் பெட்டில எடுத்து வெச்சுட்டேன். ஆங்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், அப்படியே உன்கூடக் கிளம்பிடறேன். இந்த மனுஷன் மூஞ்சில இனிமே முழிக்க மாட்டேன்."

சடகோபன் தறிக்காரன். மெட்ராஸ் என்றால் அவனுக்கு நூல் கடை மட்டும்தான். ரயிலை விட்டு இறங்குவான், நூல் எடுப்பான், அடுத்த ரயிலில் திரும்பிவிடுவான். தங்கச்சியின் வாழ்க்கை தன் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று நினைத்ததும் முருகனை ஒரு தரம் கும்பிட்டுக்கொண்டான்.

"எனக்கும் மெட்ராஸ்ல கொஞ்சம் வேலை இருக்கு மாப்ளே, கூட வரேன்" என்றான். பரந்தாமனுக்கு முகம் வெளுத்துப்போகும் என்று எதிர்பார்த்தான். அவனோ, "வாங்க பாவா, ஜோரா இருக்கும்!" என்று பல்லைக் காட்டினான். மச்சானை அவன் பாவா என்றுதான் கூப்பிடுவான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ரயிலில் அவன் ஒரு இடத்தில் உட்கார்ந்தால்தானே? ஜன்னலுக்கும் கதவுக்குமாக அலைந்தான். வண்டி நின்ற இடத்திலெல்லாம் குதித்து இறங்கி, அது நகர ஆரம்பித்த பிறகு ஓடி வந்து ஏறினான். சென்ட்ரலில் இறங்கியதும், "எந்தப் பக்கம் போறோம்?" என்று சடகோபன் மெதுவாகத் தூண்டில் போட்டுப் பார்த்தான்.

"தெரியல பாவா. எந்த பஸ் முதல்ல வருதோ அதுல ஏறிக்கலாம்."

மாடி பஸ் வந்தது. பரந்தாமன் படியேறி மேலே ஓடி, கண்ணாடிக்கு நேர் பின்னாலிருக்கிற முன் சீட்டைப் பிடித்தான். மவுண்ட் ரோடு முழுக்க அவர்கள் காலுக்குக் கீழே ஓடியது. சினிமா பேனர்களில் இருந்த முகங்கள் கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் வந்து போயின. ஒரு மரக்கிளை கண்ணாடியில் படாரென்று அடித்தபோது சடகோபன், "ஐயோ முருகா!" என்று அலறித் தலையைக் குனிந்துகொண்டான். பரந்தாமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். இவன் இறங்கவில்லை. அதே சீட்டில் உட்கார்ந்து, அதே வழியாகத் திரும்பி வந்தான். நம்மைச் சுற்றவிட்டு ஏமாற்றப் பார்க்கிறான், விடக்கூடாது என்று சடகோபன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அடுத்து மீனம்பாக்கம். வழியனுப்ப வந்தவர்கள் நின்று பிளேன் பார்க்கிற இடத்தில் ஒரு குடும்பமே அழுதுகொண்டிருந்தது. பிள்ளை சிங்கப்பூர் போகிறானாம். பரந்தாமன் அவர்கள் நடுவில் போய் நின்று, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

"உங்க வீட்ல யாரு தம்பி போறாங்க?" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார்.

"யாரும் இல்லீங்க. சும்மாதான்."

சடகோபனுக்கு மானம் போயிற்று. ஆனால் பிளேன் தரையை விட்டு எழும்பியபோது அவன் கையும் தானாக மேலே போனது. சீச்சீ என்று சட்டென்று இறக்கிக் கையைக் கட்டிக்கொண்டான்.

மத்தியானம் ரயிலும் பஸ்ஸும் மாறிப் பெரம்பூர் வந்தார்கள். ரயில்வேக்காரர்கள் குடியிருக்கிற தெரு அது. வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கியது, ஒரு வீட்டில் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது, கவுன் போட்ட பெண்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போனார்கள். சடகோபன் ஒவ்வொரு கவுனாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். வந்துவிட்டோம், இங்கேதான் அவள். பரந்தாமன் ஒரு வீட்டு வாசலில் நின்று தலையை வாரிக்கொண்டு கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்தவளுக்கு எழுபது வயதிருக்கும். பூப்போட்ட கவுன், வாயில் பாதிப் பல் இல்லை.

"மெரி கிறிஸ்மஸ் ஆன்ட்டி!" என்றான் பரந்தாமன்.

"மெரி கிறிஸ்மஸ் மேன். உள்ளே வா, உள்ளே வா" என்று அவள் இரண்டு தட்டில் கேக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. சடகோபனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "இவரை உங்களுக்கு எத்தினி நாளாத் தெரியும்மா?" என்று கேட்டுவிட்டான்.

"தெரியாது மேன்" என்றாள் கிழவி. "நல்ல நாள் அன்னிக்கு வீட்டுக்கு வந்த ஆளை யாருன்னா கேக்கறது? சாப்பிடு."

திரும்புகிற ரயிலில் சடகோபன் பரந்தாமனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "உண்மையைச் சொல்லுடா. யாரு அவ?"

"எவ?"

"நீ வெச்சிருக்கறவ!"

பரந்தாமன் முதலில் முழித்தான், அப்புறம் சிரித்தான், கடைசியில் அவன் முகம் தொங்கிப்போனது. "அதெல்லாம் இல்ல பாவா. கடையில உக்காந்தா காலு பரபரங்குது. காலைல எழுந்தா அதே தெரு, அதே ஆளுங்க, அதே லுங்கி. மெட்ராஸ்ல நான் யாருன்னு எவனும் கேக்க மாட்டான். நாள் முழுக்க இப்படிச் சுத்திட்டு வந்தா ஒரு ரெண்டு மாசம் ஓடும். இதை வீட்ல எப்படிச் சொல்றது? பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?"

விளக்கு வைத்த நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார்கள். பத்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல பத்மா. முருகன் மேல சத்தியமா யாரும் இல்ல" என்றான் சடகோபன்.

அப்படியே கீழே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாள் முழுக்க இன்னாதான் பண்ணாரு?" என்று கேட்டாள். சடகோபனுக்கு வாய் நிற்கவில்லை. பஸ்ஸில் கிளை அடித்ததையும் கிழவி கேக் கொடுத்ததையும் சொன்னான், பிளேன் எழும்பியதைக் கையாலேயே செய்து காட்டினான். பத்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்ததை அவன் கவனிக்கவில்லை.

"பஸ்ல மேலயா? முன் சீட்டா?"

"ஆங். கண்ணாடிக்கிட்டயே."

அவள் எழுந்து புருஷனுக்கு எதிரே போய் நின்றாள். "இத்தினி வருஷமா இதெல்லாம் தனியாவா பாத்துகினு இருந்தீங்க? எனக்குக் காலு பரபரங்காதுன்னு நெனைச்சீங்களா? அதே அடுப்பு, அதே சுவரு. ஒருத்தி இருந்திருந்தாக்கூடத் தேவலாம், அவளோட மல்லுக்கு நின்னிருப்பேன். என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிடணும்னு தோணலையா உங்களுக்கு?"

பரந்தாமன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உன்னையும் கூட்டிகினு போய்ட்டா, அப்புறம் எதுக்கு பத்மா திரும்பி வர்றது? சாயந்திரம் ஆனா, நீ இங்க இருக்கேன்னுதான் ரயில் ஏறறேன்."

சடகோபனுக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது, கண்கூடக் கலங்கியது. பத்மாவுக்குக் கலங்கவில்லை. "சரி, வர்ற ஞாயித்துக்கிழமை நான் மெட்ராஸ் போறேன்" என்றாள்.

"கண்டிப்பா. கூட்டிகினு போறேன்."

"நீங்க வராதீங்க. நீங்க வீட்ல இருங்க. அப்பத்தானே எனக்கும் திரும்பி வரணும்னு தோணும்?"

நாள் முழுக்க ஒரு இடத்தில் நிற்காதவன், நின்ற இடத்திலேயே நின்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவள் அண்ணன் ஏதாவது சொல்வானா என்று சடகோபனைப் பார்த்தான். சடகோபன் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

"வந்துடுவே இல்ல?" என்றான் பரந்தாமன்.

"ஒவ்வொரு தடவை நீங்க வாசப்படி இறங்கறப்பவும், நான் கேக்க முடியாம முழுங்கினது இதேதான்" என்றாள் பத்மா.