ஆறாவது வரிசை, இரண்டாம் கல்

...பொருள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதிலேயே வானகரத்திலிருந்து சென்னீர்குப்பம் வரை வந்தாயிற்று, இடம் போட்டுவிட்டேன், நாள் போட்டுவிட்டேன், விளி, அன்புள்ள அஞ்சலை அக்காவுக்கு, வள்ளியூர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த வரிசை, அந்த வரிசை இல்லாமல் எனக்குக் கடிதம் வராது, மனதுக்குள் எழுதினாலும்கூட... பொருள்: தங்கள் இடது பாதம் குறித்து. சீ. "அண்ணாத்தே, கொஞ்சம் நவுந்து குந்து, இன்னோர் ஆள் ஏறணும்" என்கிறார் ஷேர் ஆட்டோக்காரர், நகர்கிறேன், மடியிலிருக்கும் கவர் கசங்குகிறது, கசங்கட்டும், உள்ளே இருப்பது நான் எழுதியதல்ல, மேலாளர் சுரேகா அச்சிட்டுக் கொடுத்தது, 'எனக்கு ஒதுக்கிய கட்டத்தை விட்டு நானே வெளியே வந்தேன்', அதன் கீழே அஞ்சலை அக்கா கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் விஷயம் முடிந்தது, தப்பு அவருடையது. "நீங்களே போங்க ரூபஸ், உங்க மேல அவங்களுக்கு மரியாதை, என்னைப் பார்த்தா சண்டைக்கு வருவாங்க" என்றார் சுரேகா. மரியாதை...

கட்டம் போட்டவன் நான். கிடங்குத் தரை முழுக்க மஞ்சள் கோட்டில் சதுரங்கள், நடுவே சாமான் தூக்கும் ஆளில்லா வண்டிகள், வேலை செய்பவர்கள் கழுத்தில் ஆளுக்கொரு பட்டை, யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று அது வண்டிக்குச் சொல்லும். வண்டி புறப்படும் முன் போகிற இடத்துக்கு ஒரு நேர்க்கோடு போட்டுப் பார்க்கும், கோடு விழும் கட்டங்களில் ஆள் இருந்தால் நிற்கும், இல்லையென்றால் போகும், அவ்வளவுதான், அந்தக் கோட்டைக் கட்டங்களாக மாற்றுகிற நிரல் மொத்தமே முப்பத்தெட்டு வரி. திரையில் கோடு வரைவதற்கான பழைய முறை, வரிசைக்கு ஒரே கட்டம், கோட்டுக்கு மிக நெருக்கமாக எது இருக்கிறதோ அது, படம் வரைய அது போதும், கண்ணுக்குக் கோடாகத் தெரிந்தால் சரி... ஆனால் சாய்ந்து போகும் கோடு சில வரிசைகளில் இரண்டு கட்டங்களைத் தொடும், ஒன்றின் மூலையை மட்டும் சீவிக்கொண்டு போகும், அந்தக் கட்டத்தில் ஆள் உண்டா என்று என் நிரல் கேட்பதே இல்லை. தெரியாமலா செய்தேன்? தெரியும். தொட்ட கட்டங்கள் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால் வண்டி அடிக்கடி தயங்கி நின்றது, திங்கட்கிழமை வாடிக்கையாளர் வருகிறார் என்றார்கள், ஒரு குறிப்பு எழுதிவைத்தேன், 'மூலைகளைப் பிறகு பார்க்க வேண்டும்', தேதி போட்டு, நான் எதையும் தேதியில்லாமல் எழுதுவதில்லை. மூன்று வருடம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு அஞ்சலை அக்கா தன் கட்டத்துக்குள்தான் இருந்தார், பதிவில் இருக்கிறது, மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டு, வண்டி நிற்காமல் அந்த மூலையைச் சீவிக்கொண்டு போனது... பயிற்சி நாளில் சிரித்தாரே, "இன்னா சார், பாண்டி ஆட்டம் மாதிரி கீது, கோட்ட மிதிச்சா அவுட்டா?" கோட்டுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதுக்கா என்று யார் சொன்னது, நான்தானே.

பூந்தமல்லியில் இறங்கி, ஆஸ்பத்திரிப் படியேறி, வார்டு வாசலில் ஒரு நொடி நின்று, நேராகக் கட்டிலுக்குப் போய்விட்டேன், நின்றிருந்தால் திரும்பியிருப்பேன். கணுக்காலுக்குக் கீழே எதுவும் இல்லை, வெள்ளைத் துணி மட்டும். "வா சார், குந்து. ஆரஞ்சுலாம் எதுக்கு? என் பொண்ண பாரு, செருப்ப ஜோடியா கொண்ணாந்து வெச்சிகீறா, கணக்குல புலி" என்று அவர்தான் என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார். கவரை எடுக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நாந்தான் கோட்ட மிதிச்சிட்டேன் போலகீது சார். பாண்டி ஆடுறப்பவும் அப்டித்தான், மிதிச்சா எனுக்கே தெரியாது, பாக்கறவங்கதான் சொல்லணும். கம்பூட்டர்ல நீ பாத்திருப்பியே, நான் உள்ளதானே இருந்தேன்?" உள்ளேதான் அக்கா, உள்ளேதான், நாக்கு வரை வந்தது, முப்பத்தெட்டு வரியும் வந்தது, வீட்டுக்கடன் வந்தது, "பாத்துச் சொல்றேன்க்கா" என்று வேறு யாரோ சொன்னது போல என் குரல். அவர் தலையாட்டினார். கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டு நீட்டினார், "சரி, எங்க போடணும், காட்டு." பேனா என் சட்டைப்பையில். குனிந்துகொண்டேன், தரையில் சதுரக் கற்கள், அப்போதுதான் தெரிகிறது, வாசலில் நின்ற அந்த நொடியில் வழக்கம்போலக் கோடு போட்டிருக்கிறேன், கட்டில் ஏழு கல் தள்ளி, மூன்று கல் பக்கவாட்டில், வழியில் விழும் கற்களை எண்ணிப் பார்த்தேன், எல்லாம் காலி, நடந்தேன்... ஆறாவது வரிசையில் மூன்றாம் கல்லை மட்டும் எண்ணியிருக்கிறேன், கோடு மூலையைச் சீவிப்போகும் இரண்டாம் கல்லில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் கேட்கவில்லை, எல்லாம் தெரிந்த பிறகும், அந்தக் கல்லில்தான் ஜோடிச் செருப்பு, இடது செருப்பின் மேல் என் ஷூவின் தடம்.