சம்பந்தி வீட்டுக் குளிர்ப்பெட்டி

அன்று மாட்டுங்கா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பலசரக்குக் கடை பிரம்மநாயகம் பிள்ளை, அவர் மனைவி பார்வதியம்மாள், மருமகள் நாகலக்ஷ்மி, அவளைப் பெற்ற செம்பூர் காசிராஜன் பிள்ளை, தாராவியிலிருந்து வந்த மெக்கானிக் அப்துல் ரவூப். மகன் வெயிலுமுத்து சரக்கு எடுக்க நாசிக் போயிருந்தான். ஆறாவதாக யாரும் இல்லை.

நடுவில் குளிர்ப்பெட்டி நின்றது. 1966 ஆவணியில் நடந்த கல்யாணத்தில் காசிராஜன் சீராகக் கொடுத்தது. ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து உள்ளே வைத்த பால் திரிந்தது, மாவு பொங்கி வழிந்தது. கதவைத் திறந்தால் விளக்கு எரிந்தது, குளிர்தான் இல்லை.

புதுப் பெட்டி இரண்டு மாதத்தில் கெடுமா? மேலே பெயின்ட் அடித்த பழைய சாமானைச் சம்பந்தி தன் தலையில் கட்டிவிட்டார் என்று பிரம்மநாயகம் முடிவு கட்டியிருந்தார். அவரைக் கூப்பிட்டனுப்பியது அவர் கண் முன்னாலேயே பெட்டியைத் திறக்கத்தான். பழசு என்று தெரிந்தால் பெட்டியோடு நாகலக்ஷ்மியும் செம்பூருக்குப் போக வேண்டியதுதான். இதைக் காலையிலேயே சொல்லிவிட்டார். அவளும் துணிமணிகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கிவிட்டு வந்துதான் சுவரோரம் நின்றாள்.

உள்ளே நுழைந்ததும் ரவூப், "காசிராஜன் அண்ணாச்சி, சுகமா?" என்றார்.

பிரம்மநாயகத்தின் முதுகு நிமிர்ந்தது. "ஒமக்கு இவரை முன்னமே தெரியுமோ?"

"செம்பூர்ல இவுக கடையில அரிசி வாங்குதவன் அண்ணாச்சி. தெரியாமயா இருக்கும்?"

"அரிசி மட்டும்தானா?"

"பருப்பும் வாங்குவேன்."

பிரம்மநாயகம் நாற்காலியைத் தூக்கி இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். இனி ஒருவருக்கொருவர் கண்சாடை காட்ட முடியாது.

ரவூப் பெட்டியின் முதுகில் காது வைத்துக் கேட்டார். உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கடைசி வரை திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. "மோட்டார் பந்த். ஓடல."

"பழைய மோட்டாருன்னு சொல்லும்வே."

"பொறுங்க அண்ணாச்சி. செத்துட்டா, தூங்குதான்னு பாக்கணும்லா."

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகைக் கழற்றினார். அதற்குப் பின்னால் வந்த இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி, மறுபடி பிளக்கை மாட்டினார். மோட்டார் உறுமியது. அரை மணி நேரத்தில் ஐஸ் அறையின் மேல் வெண்மை படர்ந்தது. நாகலக்ஷ்மி ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மோட்டார் ஏக்தம் பராபர், ஒரு கொறையும் இல்ல," என்றார் ரவூப். பிறகு திருகோடு சேர்ந்து வந்த மெல்லிய செம்புக் குழாயைத் தூக்கிக் காட்டினார். "பெட்டிக்குள்ள சூடா குளிரான்னு பாத்துச் சொல்லுதது இதுதான். உள்ள துளி வாயு அடைச்சிருக்கும். சூடானா வாயு விரிஞ்சு சுவிட்ச தட்டும், மோட்டார் ஓடும்."

பார்வதியம்மாள் கொண்டுவந்த வெந்நீரில் குழாயின் நுனியை முக்கினார். 'டிக்' என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை. "வாயு போயிட்டு. அதனால எப்பவும் குளிரா இருக்குன்னே நெனச்சுக் கெடக்கு."

"அப்ப குழாய் பழசு!"

"மோட்டார்ல இருக்க இந்தத் திருகாணிகளப் பாருங்க. கம்பெனிக்காரன் வச்ச சிவப்பு பெயின்ட் உடையாம இருக்கு. இதுக்கு முன்னால ஒருத்தனும் கழத்தல. பெட்டி புதுசு."

"இப்படிச் சொல்லச் சொன்னது யாரு?"

ரவூப் நகர்ந்து இடம் விட்டார். பிரம்மநாயகம் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து குனிந்து பார்த்தார். ஒவ்வொரு திருகாணியிலும் சிவப்பு இருந்தது.

"ஆனா இது என்னது?" என்றார் ரவூப், குழாயைத் தடவிக்கொண்டே. "மத்த இடம் மங்கிக் கெடக்கு. இந்த ஒரு சாண் மட்டும் பூஜைச் செம்பு மாதிரி மின்னுதே! யாரோ புளி போட்டு விளக்கியிருக்காங்க. அந்த வேகத்துல மடங்கிக் கீறிட்டு."

பார்வதியம்மாள் முந்திக்கொண்டாள். "இவதான் செஞ்சிருப்பா. சின்னப் புள்ள, வெவரம் தெரியாம..."

"ஆயுத பூஜையன்னைக்கு மாமா தவிர யாரும் எதையும் தொடக்கூடாதுல்லா அத்தை," என்றாள் நாகலக்ஷ்மி. "தராசு, படி, தையல் மிஷின் எல்லாம் மாமா கையாலதான். பிரிட்ஜுக்குள்ளயும் மாமாதான் தலைய விட்டுத் தேச்சாங்க. நான் புளி கரைச்சுக் குடுத்தேன்."

அது அந்த வீட்டில் பிரம்மநாயகமே வைத்த சட்டம். மங்கிய செம்பைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. தேங்காய் நாரால் அந்தக் குழாயை அழுத்தி அழுத்தித் தேய்த்தது விரல்களுக்கு நன்றாக நினைவிருந்தது. பேசாமல் இருந்தால் பழி அவளோடு போய்விடும். காசிராஜன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் செய்ததை மறுத்தவர் என்று அந்த வம்சத்தில் ஒருவர்கூட இல்லை.

"நான்தான் விளக்கினேன்," என்றார். "புதுக் குழாய் போடும்வே." பிறகு மருமகளைப் பாராமல், "டிரங்கில இருக்கறத எடுத்து வை. அப்பாவுக்குக் காப்பி போடு," என்றார்.

"பால் இருக்கா, திரிஞ்சிட்டா?" என்று கேட்டார் காசிராஜன்.

பிரம்மநாயகம் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினார்.

காசிராஜன் பிள்ளை பழைய பெட்டிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார் என்றும், அதற்காக மருமகளைப் பதினைந்து நாள் செம்பூருக்கு அனுப்பி வைத்தார்கள் என்றும் பக்கத்து வடாலாவில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. இரண்டும் பொய். பெட்டி புதியது. நாகலக்ஷ்மி ஒரு நாள்கூடப் போகவில்லை. குழாயைக் கெடுத்தவர் பிரம்மநாயகம் பிள்ளை.