பாடக் கூடாத பதிகம்

இருந்தவர்கள்: மார்பளவு தண்ணீரில், அண்டாவுக்குள், ஓதுவார் அமிர்தலிங்கம். கைபேசியும் கையுமாகச் செயல் அலுவலர் பூர்ணிமா. உச்சிக்காலத்துக்கு நேரம் பார்த்தபடி குருக்கள். உள்ளே சுவாமி. அப்புறம், கறுப்புச் சட்டையோடு குணசேகரன். முப்பது வருடத்தில் அவர் இந்தக் கோயிலுக்குள் கால் வைத்தது அன்றுதான்.

மழை வேண்டி எல்லாக் கோயில்களிலும் பதிகம் பாட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஓதுவார் தண்ணீரில் உட்கார்ந்து பாடுவது வழக்கம். நீடாமங்கலம் பக்கம் அப்போது குறுவை அறுப்பு நடப்பது உத்தரவு போட்டவர்களுக்குத் தெரியாது.

"பாடாதீங்க ஓதுவாரே," என்றார் குணசேகரன். "நெல்லு பூரா ரோட்டுல காயுது. ஈரம்னு கொள்முதல்ல திருப்பிட்டான். இன்னும் ரெண்டு வெயில் வேணும். நனைஞ்சா முளைச்சிரும், வருஷமே போச்சு."

அமிர்தலிங்கம் சிரித்தார். "ஆயிரம் வருஷத்துப் பாட்டு இந்தக் காலத்துக்கு ஆவாதுன்னு டீக்கடையில முழங்குவியே குணா?"

"முழங்கினேன். இப்பப் பாடாதீங்க."

"பாடவே வேணாங்கய்யா," என்றார் பூர்ணிமா. "வாயை மட்டும் தொறங்க. பதினொண்ணுக்குள்ள போட்டோ போயாகணும்."

திறந்தார். போட்டோ நன்றாக வந்தது. பூர்ணிமா ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டார்.

அமிர்தலிங்கத்துக்கு மனசு ஆறவில்லை. அலுவலகத்துக்கு வாய் போதுமாம். பாடினால் பெய்துவிடும் என்று பயந்து ஓடிவந்தவனோ சாமியே இல்லை என்பவன். அவ்வளவு நம்பிக்கை அவருக்கே இருந்ததில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒருவன் காது கொடுத்து நின்றதும் இல்லை. தொண்டை தானாகச் செருமியது.

"ஓதுவாரே! கெழக்க கருக்குது பாருங்க!"

"நான் என்னப்பா பண்ண? உச்சிக்கால மணி அடிச்சா வாய் தானா தொறந்துக்கும்."

"வேற பாட்டு எடுங்களேன்."

"நாலு நாளா இதையே பழகினேன். எதை எடுத்தாலும் இதுலதான் வந்து நிக்குது."

குருக்கள் மணிக் கயிற்றைப் பிடித்தார். அமிர்தலிங்கம் சட்டென்று அண்டாவிலிருந்து எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட வாகன அறைக்கு நடந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"குருக்கள்கிட்ட சாவி வாங்கிக்க. உள்ள பூட்டிட்டா, பாடினாலும் சாமி காதுக்கு எட்டாது. பொழுது சாய்ஞ்சதும் தொற. ரெண்டு வெயில்னியே, நாளைக்கும் வரேன்."

அவர் உள்ளே போனதும் குணசேகரன் கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.