மூன்று குவியல்

"கூடத்த ஒதுக்கிக் குடுங்கம்மா, பெட்டி உள்ள வரணும்" என்று வேன்காரர் வாசலில் நின்று சொன்னபோது, திலகவதி மண்டியிட்டுப் பொம்மைகளை இரண்டு கைகளாலும் வாரி யூரியாச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் மூன்று குவியலாகப் பிரித்து வைத்திருந்தாள். வைத்துக்கொள்ள வேண்டியவை, அங்கன்வாடிக்குக் கொடுக்க வேண்டியவை, குப்பைக்குப் போக வேண்டியவை. இப்போது எல்லாம் ஒரே சாக்குக்குள் போயின. அவள் கணவன் குணசேகரனும் இன்னும் மூன்று பேரும் ஐஸ் பெட்டியைச் சுவரோரமாக இறக்கினார்கள். சற்று நேரத்தில் குணசேகரனின் அண்ணன் கண்ணுசாமி அதற்குள் படுத்திருந்தார்.

கண்ணுசாமிக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. கந்தர்வக்கோட்டையில் முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்தில் வேலை, தம்பி வீட்டு முன்னறையில் வாசம். விராலிமலைத் தைப்பூசத்துக்குப் போனாலும் சரி, பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனாலும் சரி, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்காமல் திரும்பமாட்டார். வாங்கியது ஒரு வாரத்தில் உடையும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டுவார். சக்கரம் கழன்ற பஸ்ஸுக்கு டானிக் பாட்டில் மூடியை மாட்டி ஓடவிட்டவர்.

பொங்கல் லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. இன்று காலை திலகவதி பிரிக்க உட்கார்ந்ததும் அவரும் எதிரே வந்து உட்கார்ந்தார். அவள் குப்பையில் போடப் போட, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இத நான் சரிபண்ணிர்றேன் திலகா. ஒரு திருகாணி போதும்."

"போன லீவுலயும் இதத்தான் சொன்னீங்க மாமா."

"இந்தப் பொம்மையும் நல்லாத்தான் இருக்கு. ஒரு கண்ணுதான் காணோம்."

அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு வந்தவள், குப்பைக் குவியல் பாதியாகியிருப்பதைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குன்னு ஒரு குடும்பம் இருந்தாத்தான தெரியும், வீட்டக் கூட்டுறவ படுற பாடு!"

கண்ணுசாமி கையிலிருந்த பொம்மையைத் தாமே குப்பைக் குவியலில் வைத்தார். எறியவில்லை, படுக்க வைத்தார். கொடியிலிருந்து சட்டையை எடுத்தார்.

"இட்லி எடுத்து வச்சிருக்கேன் மாமா" என்றாள், குரல் இறங்கி.

"வந்து திங்கிறேன்."

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சாய்ந்தாராம். ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

பெட்டியருகே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "காலையில இங்கிட்டுதான போனாரு. நல்லாத்தான் இருந்தாரு. சாப்டாராடி?"

"இல்லக்கா."

"ஏன்?"

திலகவதி நிமிர்ந்தாள். எதிரே ஏழு வயது மகள் சுடர்விழி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். காலையிலும் அங்கேதான் இருந்தாள். அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து, தம்பி வெற்றிசெல்வனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட ஆரம்பித்தாள்.

"வந்து திங்கிறேன்னு சொன்னாரு" என்றாள் திலகவதி. அதுவும் உண்மைதான்.

மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள். வந்தவர்கள் கலைந்த பிறகு குணசேகரன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கூடத்தைத் தானே கழுவினான்.

"அண்ணன் ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னுச்சா திலகா? நெஞ்சு வலிக்குது, கிலிக்குதுன்னு?"

"இல்ல."

இன்னும் ஏதோ வரும் என்பதுபோலக் கொஞ்சம் நின்றான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான்.

சாயங்காலம் தலை காய்ந்ததும் சுடர்விழியை முன்னால் உட்காரவைத்துச் சீப்பை எடுத்தாள் திலகவதி.

"சுடரு..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. ஆடாம இரு."

சிக்கு நிறைய இருந்தது. இழுத்து வாரினாள், இறுக்கிப் பின்னினாள். எப்போதும் கத்தி ஊரைக் கூட்டுகிற பிள்ளை, வலிக்கிறது என்று அன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.