சாம்பார்ப் பொடிக்காரி

பெருமாள்சாமியின் சாம்பார்ப் பொடி பாக்கெட்டுக்கு நான் வரைந்த பெண் என் அம்மா. வேறு யாரை வரைவது? நெட்டில் தேடினால் வருகிற பெண்களில் ஒருத்திகூட மிளகாய் வறுத்துத் தும்மினவள் மாதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அடுப்படியில் உட்காரவைத்து, முறத்தில் மல்லி புடைக்கச் சொல்லி போனில் எடுத்தேன். அதைப் பார்த்து வரைந்தேன். மில் மெஷினில் சிக்கி வளைந்துபோன சுண்டுவிரலையும் விடவில்லை. பொட்டும் பூவும் தாலியும் மட்டும் நான் சேர்த்தது. கம்பெனி கேட்டிருந்தது.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "பொட்டெல்லாம் வச்சிருக்க" என்றாள். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஒருத்தி விடாமல் சொல்லியிருக்கிறாள்.

"ஏடி பொன்னழகு, இனி அம்புட்டு வீட்டுலயும் உன் தலையக் கத்தரிச்சுத்தான் கொழம்பு வைப்பாக!" என்று பஸ்ஸே சிரித்ததாம். வீட்டுக்கு வந்தும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அச்சுக்குப் போகுமுன் முதல் பிரிண்டை சாமி படத்தடியில் வைத்துக் கும்பிடுவது அந்தக் கம்பெனி வழக்கம். டிசைன் ஆபீஸ் நடத்துகிற சிவபிரகாஷ் அண்ணன் என்னையும் கூட்டிப்போனார். முதலாளி பெருமாள்சாமியின் மனைவி சண்முகவள்ளி பிரிண்டின் மூலைகளில் மஞ்சள் தடவினாள்.

"முகத்துல என்னா களை!" என்றாள்.

"எங்கம்மாதாங்க."

"அப்படியா! கூட்டியாந்திருக்கலாம்ல. அப்பா என்ன பண்றாரு?"

"அப்பா இல்லங்க. நான் பத்தாவது படிக்கையில இறந்துட்டாரு."

குங்குமம் தொட்ட விரல் பாதியில் நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் எங்களை வெளியே கூட்டிவந்தார்.

"தப்பா நினைக்காதம்மா. கல்யாண வீட்டுக்கெல்லாம் போற பொருளு."

"படத்துல பொட்டு இருக்குல்ல சார்?"

"அது நீ வச்ச பொட்டுதானம்மா. முகத்த மட்டும் மாத்திரு. கை இருக்கட்டும், கை நல்லாருக்கு."

"எங்கம்மா ஓட்டுற மெஷின்ல வர்ற நூலுதான் சார் கல்யாண வேட்டியாப் போகுது. அது ஆகுமா?"

பெருமாள்சாமி உள்ளே போய்விட்டார்.

பைக்கை எடுக்கும்போது சிவபிரகாஷ் அண்ணன் பல்லைக் கடித்தார். "ஏம் மதி, அப்பா தோட்ட வேலைக்குப் போறாருன்னு சொன்னா என்ன?"

"செத்தவரையா?"

"டிகிரி வாங்குன, வாயும் சேத்து வாங்கிட்ட."

முகத்தை மாற்ற மாட்டேன் என்றேன். என் சம்மதமே யாருக்கும் தேவைப்படவில்லை. தலை தனி லேயர், கை தனி லேயர், முறம் தனி லேயர் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன் ஃபைலை ஏற்கெனவே அண்ணனிடம் கொடுத்திருந்தேன். அப்படிச் சுத்தமாக வேலை செய்வதற்குத்தான் எங்கள் வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜுக்குப் போயிருந்தேன். 'அம்மா தலை' என்ற லேயரை அவர் அணைத்தார். டீ ஆறுவதற்குள் அந்தக் கழுத்தில் வேறொருத்தி சிரித்தாள். சிவந்த கன்னம், கழுத்துக்குப் பொருந்தாத நிறம். அதையும் சரிசெய்துவிட்டார். கையின் நிறத்தையும் கொஞ்சம் வெளுத்தார்.

நான் வேலையை விட்டேன். அம்மாவிடம் அதைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது கையில் பாக்கெட் இருந்தது. பஸ்ஸில் காட்டுவதற்காகக் கடையில் வாங்கினாளாம். காட்டாமல் கொண்டுவந்திருந்தாள்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாக்கெட்டை மேடையில் வைத்து, பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தாள். படத்திலும் சுண்டுவிரல் வளைந்திருந்தது.

"நான் முண்டச்சிங்கிறதாலயா?"

நான் அடுப்பைக் குறைத்தேன்.

"ஏன்டி, கைக்கு மட்டும் புருசன் உசுரோட இருக்கானாக்கும்?"

கத்தரிக்கோலை எடுத்தாள். அந்தப் பெண்ணின் நெற்றிக்கு மேலாக நேராக வெட்டி, பொடியைக் குழம்பில் கொட்டிக் கிண்டினாள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.